மெக்கர் முள்

புத்தளம் உப்பளத்து மோட்டார்
மத்தியானம் மூணு மணிக்கு டெம்போவில் வந்தது,
ஈரச் சாக்கு சுற்றி.
கூடவே சுயம்புலிங்கம்.
"விடியக்காலம் வேணும் செலினு,
பாத்திக்குத் தண்ணி ஏத்தணும்."
வயரை மாட்டி மெக்கரைச் சுழற்றினேன்.
முள் சைபரை விட்டு எழும்பவில்லை.

திறந்தேன்.
வார்னிஷ் வெடித்த ஓர் இடுக்கில்
உப்பு, ரெண்டு மணி.
சுற்றிலும் கறுத்துப்போன செம்பு.
அஞ்சு எச்.பி.யைக் கொல்ல
அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

எரிந்த சுருளை வெட்டி எடுக்கையில்
சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்துவிட்டார்.
"இதென்ன, ரயிலா கப்பலா?"

கோட்டாறு பழைய பேப்பர் கடையில்
எடைக்கு வாங்கிய சஞ்சிகைக் கட்டில் இருந்தது.
வயிற்றைக் கீறிக் காட்டிய எஞ்சின்.
அகராதி வைத்து நாலு ராத்திரி படித்தேன்.

தன் கரண்டைத் தானே உண்டாக்கி ஓடும் ரயில்.
பிஸ்டன் கிடையாது.
ஆவி டர்பைனைச் சுற்றும்,
டர்பைன் ஜெனரேட்டரை,
அந்தக் கரண்டு
சக்கரத்துப் பக்கம் தொங்கும் மோட்டார்களை.
1910இல் கிளாஸ்கோவில் ஒன்று செய்தார்கள்.
ஓட்டிப் பார்த்து ஓரங்கட்டினார்கள்.
முப்பத்தொன்பதில் அமெரிக்காவில் ரெண்டு,
அதுவும் நிலைக்கவில்லை.
நாற்பத்தேழில் ஆரம்பித்து மூன்று.
என் சுவரில் இருப்பது அதில் ஒன்று.

கரிப்பெட்டி முன்னால், மூக்கு மாதிரி.
அடுத்து ஓட்டுகிறவர்.
பாய்லர் பின்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும்.
கடைசியில் டர்பைன்,
அதற்கும் பின்னால் தண்ணீர் வண்டி.
என் கடையைப் பதினோரு தடவை
நீளவாக்கில் அடுக்கினால் அந்த நீளம் வரும்.

நெருப்பு, நீர், கரி, கம்பி,
நாலையும் ஒரே சட்டத்தில் குடிவைத்தார்கள்.
கரித்தூள் பறந்தது, தண்ணீர் கசிந்தது,
ரெண்டும் குழைந்து மோட்டாருக்குள் இறங்கின.
ஐம்பதில் மூன்றும் பழைய இரும்பு.
ஐம்பத்துநாலில் வேறொரு கம்பெனி
ஒற்றை எஞ்சின் கட்டியது.
அதற்கும் அதே சீக்கு.

டீசல் ஜெயித்தது என்று முடிகிறது கட்டுரை.
இருக்கட்டும்.
வரைந்தவர் பேர் இருக்கிறது,
பணம் போட்டவர் பேர் இருக்கிறது,
அந்த மோட்டாரை முதலில் திறந்தவன் பேர் இல்லை.
அவன் விரல்நுனிச் சேறு எனக்குத் தெரியும்.
முகர்ந்துகூடப் பார்த்திருப்பான்.

சுயம்பு எல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தார்.
"கூறுகெட்ட பயக்க.
அடுப்பையும் தூக்கிட்டா ஊருக்குப் போவாவ?
பாய்லரை வீட்டுல வெச்சிட்டுப் போயிருக்கலாம்லா?"

அப்போதுதான் சுசீந்திரம் கேட் மூடினார்கள்.
கன்னியாகுமரி வண்டி
புகையில்லாமல், தலையில் ஒரு கொம்பு வைத்து,
மேல்கம்பியைத் தடவிக்கொண்டு போனது.
கையில் ரீல் அப்படியே நின்றுவிட்டது.

வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.
கரிப்பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்தில்,
பாய்லரும் டர்பைனும் அங்கேயே கடலோரம்.
கூடங்குளத்திலும் ஏதோ கொதிக்கிறது,
முப்பந்தலில் காற்றும் கை கொடுக்கிறது,
கம்பிக்குள் வந்தபின் யார் பிரிக்க?
நடுவில் ஆரல்வாய்மொழிக் கணவாய்.
சக்கரம் மட்டும் இங்கே, கேட்டருகில்.
பதினோரு கடை நீளம் போதவில்லை,
மூன்று மாவட்ட நீளம் வேண்டியிருந்தது
அந்த எஞ்சினுக்கு.

இதைச் சொல்லத் திரும்பினேன்.
அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

ராத்திரி முழுக்கச் சுற்றினேன்.
முப்பத்தாறு காடி, ஒவ்வொன்றிலும் காகிதம்,
வார்னிஷில் முக்கி சூட்டுப்பெட்டியில் வைத்தபோது
ரெண்டரை மணி.
மூணேகாலுக்குக் கரண்ட் போனது.
எங்கள் தெரு மட்டும்தான்.
கேட் தாண்டி ஒரு வண்டி
வெளிச்சமாய்ப் போனதைப் பார்த்தேன்.

அஞ்சரைக்கு டெம்போ வாசலில் உறுமிற்று.
இருட்டில் டார்ச் அடித்து மெக்கரைச் சுழற்றினேன்.
முள் எழும்பி, ஏறி,
பாதியில் நின்று நடுங்கியது.

"என்ன சொல்லுது?" என்றார்.
"இன்னும் ஈரம் இருக்குன்னு சொல்லுது" என்றேன்.