எந்தப் பக்கம் தலை

மெத்தெ என்று பெயர் சொன்னாள்.
நாகலூர் டீக்கடையே சிரித்தது.
டென்மார்க்கில் அது பெண்பிள்ளைப் பெயராம்,
எங்களுக்குப் படுத்துறங்கும் பஞ்சு.
என் பெயர் வெள்ளையன் என்றேன்.
போன் அதை அவளுக்கு
வெள்ளைக்காரன் என்று சொல்லியிருக்கிறது.
என் கருத்த கையைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்,
அம்மாவின் அதே தெத்துப்பல் தெரிய.
நான் கிளாசை வைத்துவிட்டு
வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஐப்பசி அடைமழை.
மண்ணுக்குள் தண்ணீர் இறங்கினால்
கேடயவால் பாம்பு மேலே வரும்.
விரல் தடிமன், சாண் நீளம்,
கருப்பில் மஞ்சள் தெளித்த உடம்பு.
கடிக்காது, சீறாது, ஓடவும் தெரியாது.
இந்த மலையை விட்டால் அதற்கு வேறு ஊர் இல்லை.
தார்ரோட்டைக் கடக்க அதற்கு எவ்வளவோ நேரம்,
இன்னோவாவுக்கு அரை நொடி.

வனத்துறையில் எனக்குத் தினக்கூலி.
ராத்திரி பத்திலிருந்து விடியும்வரை
டார்ச்சும் பிளாஸ்டிக் வாளியுமாய் நடக்கிற வேலை.
இந்த வருஷம் வாளி அவள் கையில்.

முதல் மூன்று ராத்திரியும் செத்ததுதான் கிடைத்தது.
டயர்த்தடம் பதிந்ததை ஸ்கேல் வைத்து அளந்தாள்.
ஒன்றின் வயிறு பிதுங்கி நாலு குட்டி.
நோட்டில் ஐந்து என்று எழுதினாள்.
நானாயிருந்தால்
ஒன்று என்று எழுதியிருப்பேன்.

அவள் ஊர் மியூசியத்தின் அடித்தளத்தில்
பழைய ஜாடிகளுக்குச் சாராயம் மாற்றுவது அவள் வேலை.
ஒரு ஜாடியில் வெளுத்துப்போன பாம்பு.
ஜாடியின் கழுத்தில் கட்டிய சீட்டில் ஒரு மலையின் பெயர்.
அதே பெயர், எழுத்து மாறாமல்,
அவளுடைய தத்துப் பத்திரத்திலும்.
‘இருவரும் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட்டவர்கள்’
என்றது போன்,
பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி ஒரு குரலில்.

போனுக்கு எல்லாம் சொல்ல வராது.
நாகலூர் தாண்டினால் சிக்னலும் வராது.
அதனால் அவளிடம் நான் இன்னும் சொல்லாதது:

எனக்கு ஏழு வயசு, உனக்குப் பல் முளைக்கவில்லை.
அம்மா போய்ப் பதினோராம் நாள்.
இருபது கொண்டை ஊசி வளைவும் நீ என் மடியில்.
என் சட்டையில் பால் கக்கினாய்.
அஸ்தம்பட்டியில் பச்சை கேட் போட்ட கட்டடம்.
அப்பா உன்னோடு உள்ளே போனார்,
ரேகை வைத்த மை விரலோடு வெளியே வந்தார்.
பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தார்.
அதுதான் முதல் பரோட்டா.
ருசியாக இருந்தது.
இன்னொன்று கேட்டேன்.

நாலாம் ராத்திரி, ஒன்றரை மணிக்கு,
வெள்ளைக் கோட்டின்மேல் உயிரோடு ஒன்று.
மண்டியிட்டு எடுத்தாள்.
வாலும் மொக்கை, தலையும் மொக்கை.
எந்தப் பக்கம் தலை என்று சைகையில் கேட்டாள்.
ஒன்பது வருஷம் பார்த்த எனக்கே தப்பும்.
மண் தேடி முட்டுகிற பக்கம் என்று
அவள் உள்ளங்கையில் என் விரலால் முட்டிக் காட்டினேன்.
விரலை எடுக்கச் சற்று நேரமானது.
அவளோ
அந்த மஞ்சளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஜாடியில் நிறம் இருந்திருக்காது.

வளைவில் வெளிச்சம்.
சில்வர் ஓக் கட்டை ஏற்றிய லாரி.
நடுரோட்டில் ஓடி டார்ச்சை ஆட்டினேன்.
நாலடி தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது.
டிரைவர் தலையை நீட்டி
எங்கள் வம்சத்தையே இழுத்தான்,
போகும்போதும் ஒருதரம்.

அதில் ஒரு வார்த்தை மட்டும் அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது.
‘அம்மா?’ என்றாள்.

ஆமாம், அம்மாவைத்தான் விசாரித்தான்
என்று தலையாட்டினேன்.

வளைவில் மறைகிற சிவப்பு விளக்கைப் பார்த்து
ஒற்றைக் கையை நெஞ்சருகே வைத்துக் கும்பிட்டாள்.
இன்னொரு கையில்
பாம்பு இருந்தது.