கறுப்பு என்று எழுதிய கட்டம்

புறவழிச்சாலைக்குத் தூண் இறக்கத்
தோண்டிய இடத்தில் பலகைகள் தட்டின.
வரப்புக்கு அண்டக் கொடுத்த சுகி மரப் பலகைகள்,
அடித்தவன் கை ஓய்ந்த கோணத்திலேயே
இன்னும் சாய்ந்து.

மேட்டில் வீடுகள். இங்கே வயல்.
ஓர் இரவு ஆறு மணலோடு வந்து
எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போனது.

இட்சுயோவுக்கு இங்கே அரைநாள் கூலி.
மீதி அரைநாள் மீன் பதப்படுத்தும் கூடம்.
மூங்கில் கரண்டியால் களியைச் சீவிக்கொண்டிருந்தாள்.
மண் திறந்தது.
ஓர் இலை.
பச்சை.
காலையில் உதிர்ந்த பச்சை.

"நேமோட்டோ-சான்!"
குடையைப் போட்டுவிட்டு அவர் ஓடி வருவதற்குள்
விளிம்பு பழுத்து நரம்பு இருண்டு
தேயிலைத் தூளாகிவிட்டது.
இரண்டாயிரம் வருடம் கிடந்த நிறத்தைக்
காற்று ஒரு தும்மல் நேரத்தில் தின்றது.
படிவத்தில் நிறம் என்ற கட்டத்தில்
அவர் கறுப்பு என்று எழுதினார்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கால்தடங்கள், வரப்போரமாக ஏழு.
ஏழாவதில் குதிகால் ஆழம்:
யாரோ திரும்பியிருக்கிறார்கள்.
ரப்பர் பூட்ஸைக் கழற்றிப்
பக்கத்தில், தொடாமல்,
தன் காலை வைத்துப் பார்த்தாள்.
அவளுடையது பெரியது.

வியாழக்கிழமை அகப்பை.
கிண்ணம் குடைந்தாகிவிட்டது.
காம்பில் கணு, உளி வழுக்கி
நெடுக்கப் பிளந்திருக்கிறது.
சீ என்று வாய்க்காலில் எறிந்திருப்பான்.
ஒழுங்காய் அமைந்த அகப்பைகள்
கிளறின, தேய்ந்தன, கடைசியில் அடுப்புக்குள் போயின.
சட்டியில் இல்லாததும் அகப்பையில் வருகிறது:
ஒருவனுடைய எரிச்சல்,
ஈரம் காயாமல்.

காய்ந்தால் சுருங்கிவிடும், வெடித்துவிடும்.
அதனால் தொட்டிகள், நனைந்த துணிகள், எண்கள்.
புத்தாண்டு விடுமுறைக்கு யார் வந்து
தண்ணீர் பார்ப்பது என்றார் நேமோட்டோ.
பலர் ஊருக்குப் போகிறவர்கள்.
இட்சுயோ கையைத் தூக்கினாள்.

ஜனவரி இரண்டு. தகரக் கொட்டகை.
தொட்டி மேல் மெல்லிய பனிக்கட்டி.
கரண்டிக் காம்பால் தட்டி உடைத்து
முழங்கை வரை விட்டு
அகப்பை மேல் விலகிக் கிடந்த துணியை
இழுத்து மூடினாள்.
"பச்சையாத்தான் இருந்துச்சு" என்றாள்.

வெளியே, பாதித் தூணில் நிற்கும் கிரேன்.
கை விறைத்துப்போய்
சைக்கிள் பூட்டைத் திறக்க
வெகு நேரமானது.