நடைபாதைக்கு ஏறவும்

இரண்டு நாள் முன்னமே பதிய வேண்டும்
போராட்டத்துக்குப் போவதென்றால்.
சக்கரக்கதிரை ஏற்றும் வண்டிக்கு அழைத்தேன்.
திரும்புவது எத்தனை மணிக்கு? என்றது குரல்.
கோபம் எத்தனை மணிக்கு முடியுமென்று
யார் கண்டது.
நாலு பத்து என்றேன்.

பயணத்தின் நோக்கம்?
வைத்தியம், வேலை, கடை, மற்றவை.
மற்றவை.

முழு மின்கலத்துக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர் ஓடும்.
மாசி மாத ரொறன்ரோவில் அதில் பாதி.
முழங்காலில் போர்வை, அதன்மேல் என் மட்டை:
வாடகை மட்டும் ஏறுகிறது.
எங்கள் கட்டடத்தில் அது உண்மை.
இரண்டு லிஃப்டில் ஒன்று
ஐப்பசியிலிருந்து படுத்த படுக்கை.

மட்டையின் பின்பக்கம்
'போராட்டம்' என்று எழுதினேன், ராத்திரி, மார்க்கரால்.
எழுதிப் பாருங்கள்,
இரண்டு துணைக்கால் இல்லாமல்
அந்தச் சொல்லே நிற்காது.

குயின் வீதியில் மரிசெல்
ஆரஞ்சு அங்கியோடு ஓடி வந்தாள்:
முன்வரிசைக்கு வா, படம் எடுக்கிறார்கள்.
போனேன். எடுத்தார்கள்.
பிறகு ஊர்வலம் நகர்ந்தது.
நான் உருகிய பனிச்சேற்றையும்
ட்ராம் தண்டவாளத்தையும் சுற்றிச் சுற்றி
ஸ்பதைனாவுக்கு வரும்போது
எனக்குப் பின்னால் குப்பை வண்டி மட்டும்.

முன்சக்கரம் ஒருமுறை தண்டவாளத்துக்குள் விழுந்தது.
சுகிர்தன் வந்து சட்டென்று தூக்கினான்.
கேட்டிட்டுத் தூக்கடா, என்றேன்.
அவன் முகம் வாடிப்போனது.
என்ன செய்ய,
என் உடம்பு கதிரை முடியும் இடம்வரை.

ஒரு நிருபர் குனிந்தார்.
சாய்தள வசதி கேட்டு வந்தீர்களா?
இல்லை, வாடகை.
அவர் அதைக் குறிக்கவில்லை.

எழுந்து நில்! எழுந்து நில்!
கூட்டம் கத்தியது, நானும் கத்தினேன்.
சத்தியமாக, வெட்கமில்லாமல்.

மூன்று மணி தாண்டிப் பொலிஸ்.
ஒலிபெருக்கி சொன்னது:
எல்லோரும் நடைபாதைக்கு ஏறவும்.
ஏறாதவர்கள் கைது செய்யப்படுவீர்கள்.
ஏறினார்கள்.
இருநூறு பேர், முணுமுணுத்தபடி,
ஒரு சாணுக்கும் குறைந்த அந்தக் கல்லில்
கவனிக்காமலே கால் வைத்து.

சரிவு இருந்த மூலையில்
பனி வழிக்கும் வண்டி ஒதுக்கிய குவியல்,
கறுத்து, இறுகி, என் தோளுயரம்.

தெருவில் நான் மட்டும்.

இளவயதுப் பொலிஸ்காரன் கிட்ட வந்தான்,
குழந்தைக்குக் கதைக்கும் குரலில்:
கொஞ்சம் அங்கே போகிறீர்களா?
எப்படி? என்றேன்.
அவன் அந்தக் கல்லைப் பார்த்தான்.
பிறந்து முதன்முறையாகப் பார்க்கிறான் என்று நினைக்கிறேன்.

கைது வண்டிக்கு மூன்று படி.
கதிரையோ நூற்றி ஐம்பது கிலோ.
அவன் ரேடியோவில் சாய்தள வண்டி கேட்டான்,
காத்திருந்தான், மறுபடி கேட்டான்.
இரண்டு நாள் முன்னமே பதியவேண்டும், தம்பி,
என்று சொல்லிக்கொடுத்தேன்.

பின்னால் ட்ராம் மணியடித்தது.
அதற்குப் பின்னால் இன்னொன்று.
நான் சாலை மறியலுக்கு வரவில்லை,
உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.
பத்தொன்பது வருஷமாய்
உட்கார்ந்துதான் இருக்கிறேன்,
ஒருவரும் வழி மறிப்பதாய்ச் சொன்னதில்லை.
குளிர் விரலுக்குள் இறங்கியது.
பயமும் இருந்தது, ஒளிப்பானேன்.
மூத்திரப்பை நிறைந்துகொண்டிருந்தது.

சுகிர்தன் கல்லின் விளிம்பில் வந்து நின்றான்.
தூக்கட்டா அக்கா? கேட்டான், இந்த முறை.
வேண்டாம்.
அப்ப என்ன செய்ய?
இரு, என்றேன்.

பொறு என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன்.
அவன் இறங்கி வந்து
ஈரத் தாரில், என் சக்கரத்தோரம்
இருந்தான்.
பிறகு மரிசெல். பிறகு கையில் மளிகைப் பையோடு
யாரோ ஒரு பெண், பெயர் தெரியாது,
பையில் வெங்காயத்தாள் தெரிந்தது.
மற்றவர்கள் மேலேயே நின்றார்கள். குறை சொல்லவில்லை.

மின்கலத்தில் ஒரு கோடு.

நாலு பத்துக்கு என் வண்டி
இரண்டு தெரு தள்ளி வந்து,
ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.
மறுநாள் தொலைபேசியில் வாசித்தார்கள்,
பதிவேட்டில் இருந்ததை அப்படியே:
பயணி சமுகமளிக்கவில்லை.