பதினொன்று நாற்பது முதல் பன்னிரண்டு பத்து வரை

முப்பது நாளுக்கு முன்
காலை ஆறு மணிக்குத் திறக்கும் செயலி.
ஆறு இரண்டுக்கு எதுவும் மிச்சமிருக்காது என்றார்கள்.
லிங்கராஜபுரத்து மாடிப்படியில்
சிக்னல் கிடைக்கிற ஏழாவது படியில்
ஐந்தரைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

கிடைத்தது.
மே பதினேழு, ரோலர் கோஸ்டர், இரண்டு இருக்கை.
மற்ற எல்லாம் அதற்குப் பின்னால்
இடம் தேடிக்கொண்டன.
கே.ஜி.எஃப்.பில் மைத்துனி மகனுக்குப் புதுநன்மை, அதே நாள்.
கால்பவுன் மோதிரமும் ஒரு மன்னிப்பும் மட்டும் போயின.
வேளாங்கண்ணி ஜூனுக்குத் தள்ளியது.
மாதா காத்திருப்பாள், ஸ்லாட் காத்திருக்காது
என்று வாய்தவறிச் சொன்னதற்கு
ஜெசிந்தா இரண்டு நாள் பேசவில்லை.

ஒரே ஒரு சிக்கல்.
ஏற நூற்று நாற்பது சென்டிமீட்டர் வேண்டும்.
டெரிக் நூற்று முப்பத்தொன்பதரை.

பீன்யாவில் நான் அளவு பார்க்கிறவன்.
தலைமுடியில் பாதி கூடினாலும்
தண்டுக்குச் சிவப்பு மசி வைத்துத் தள்ளுகிறவன்.
ஃபிரிட்ஜ் பக்கவாட்டில்
பென்சில் கோடு போடும்போது மட்டும்
அவன் குதிகாலைப் பார்க்காமல் விட்டேன்.
காலையில் ஆள் கொஞ்சம் உயரம்,
பொழுது ஏற ஏறக் குறைவான்.
பதினொன்று நாற்பதை எடுத்தது அதனால்தான்.
யாருக்கும் சொல்லவில்லை.
கெங்கேரி தாண்டும்வரை
அவனைக் காரின் பின்சீட்டில்
படுக்கவைத்துக் கூட்டிப்போனதற்கும்
தூக்கம் என்று காரணம் சொன்னேன்.

வாசலில் அளவுகோல் நின்றது.
வாக்கிடாக்கிப் பெண் அவன் தலையில் கைவைத்து
"ஹோகப்பா" என்றாள்.
ஜெயித்தோம்.

பக்கத்தில் கம்பிக்கு அந்தப்புறம்
சாதாரண வரிசை, இரண்டரை மணி நேரம்.
தோளில் மகளை வைத்திருந்த ஒருவர்
என் கைப்பட்டையைப் பார்த்து,
கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான்,
"இது எப்படி சார் கிடைக்குது?" என்றார்.
"ஆறு மணிக்கு எழுந்தேன்" என்றேன்.
ஏதோ உழைத்ததுபோல் இருந்தது கேட்க.
மேலே கட்டிய நானூற்றைம்பதைச் சொல்லவில்லை.

டெரிக் அண்ணாந்து பார்த்தான்.
தலைக்கு மேலே ஒரு பெட்டி நிறைய அலறல்
போய்த் திரும்பியது.
"அப்பா, எனக்கு வேண்டாம்."

பன்னிரண்டு ஐந்து.
முப்பது நாளை ஐந்து நிமிடத்தில் சொல்ல முயன்றேன்.
புதுநன்மை, மாதா, பால், முட்டை,
கம்பியில் தொங்கச் சொன்ன மாலைகள்.
"வேண்டாம்ப்பா" என்றான் மறுபடி,
எனக்கு எதையோ விளக்குகிறவன்போல மெதுவாக.
வேறு யாருக்காவது கொடுக்கலாமா என்று கேட்டேன்.
பட்டை மாறக்கூடாதாம்.

நான் ஏறினேன்.
நாற்பத்தாறு வயது, கொஞ்சம் சர்க்கரை.
பக்கத்து இருக்கையில் யாருமில்லாமல்
பூட்டிய கம்பி கடகடத்தது.
உச்சியில் ஒரு நொடி எல்லாம் நின்றது:
மைசூர் ரோட்டில் நகராத லாரிகள்,
வெயிலில் மடிந்து மடிந்து அந்த வரிசை,
தோளிலிருந்த சிறுமியின் மஞ்சள் தொப்பி,
அது முன்பு இருந்த இடத்திலேயே.
டெரிக்கைத் தேடினேன்.
அங்கிருந்து
எல்லோரும் ஒரே உயரம்.

பிறகு விழுந்தேன்.

இறங்கி வந்தபோது கால் எனக்குச் சொந்தமாக இல்லை.
ஜெசிந்தா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்,
சிரிப்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.
"கத்தினியாப்பா?"
"கத்தினேன்."
"எவ்வளவு?"
"அளக்கலைடா."

ஒன்றரைக்குத் தண்ணீர்ச் சறுக்கு.
பையில் போன் அதிர ஆரம்பித்தது.