ஆணி

கீழக்கரையில், கடலுக்கு மூன்று தெரு தள்ளி,
பதினேழாம் எண் வீடு.
அளவு நாடாவின் ஒரு நுனி என்னிடம்,
மறுநுனி பொறியாளரிடம்.
சுவரின் கனம் இரண்டடி நாலு அங்குலம்.
பொருள்: பவளக்கல், சுண்ணாம்பு.
வயது?
கட்டம் காலியாக இருந்தது.

“கட்டுனதுலேர்ந்தா,
கல்லு கடல்ல உசுரோட கெடந்ததுலேர்ந்தா?”
முருங்கைக்கீரை உருவியபடியே கேட்டார்
மஹ்மூதா லாத்தா.

எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

சுவரில் ஷார்ஜா பணமாற்றுக் கம்பெனியின் காலண்டர்.
அதில் ஓர் ஊர்: பனிமலை,
அடிவாரத்தில் ஏரி,
ஏரிக்குள் தலைகீழாய் ஒரு மணிக்கோபுரம்,
சன்னல்தோறும் சிவப்புப் பூ.
மார்ச் மாதத் தாள் அது.
வெளியே ஐப்பசி மழை.

“அந்த ஊர் முழுக்கவே பாரம்பரியச் சின்னம்”
என்றார் பொறியாளர்.
“அனுமதி இல்லாம ஆணிகூட அடிக்க முடியாது.
உங்க தெருவும் அப்படி ஆகலாம்.”

“மருமவளுக்கு மாடியில ஒரு கக்கூஸ் கட்டணும்.
அதுக்கு யாரைக் கேக்கணும்?”

பொறியாளர் நாடாவைச் சுருட்டினார்.

லாத்தா படத்தையே பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:
“ஆணி அடிக்கக் கூடாதுன்னா
பாவம், அவங்க
எங்க ஊருப் படத்தை
எதுல மாட்டுவாங்க?”

சிரிப்பதா என்று தெரியவில்லை.
சுவரில் சாய்ந்த என் சட்டைத்தோளில்
உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
தட்டினேன், போகவில்லை.

வேனில் ஏறுமுன்
‘பிற விவரம்’ என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஆணி ஒன்று.
துரு ஏறியது.
இதுவரை தாங்குகிறது.