ஈரக் கழிவு

பதினொரு பருவம் நான்தான் ஸ்கோர் எழுதினேன்.
கொழுந்து நிறுக்கும் கொட்டிலில் மிஞ்சிய
பச்சை மட்டைக் கொப்பி.
பெயர்க் கட்டத்தில் பெயர்,
கிலோக் கட்டத்தில் பிடித்த பந்து.

ஜப்பான்காரர் ஒருவர் விட்டுப்போன
ஒன்பது கிளவுஸ், இரண்டு மட்டை:
பொகவந்தலாவைக்கு மேலே
பேஸ்போல் அப்படித்தான் தொடங்கியது.
மைதானத்தின் இடப்பக்கம் சரிவு.
மூன்றாம் பேஸ் தாண்டி நாற்பது எட்டில் கான்,
அதற்கப்பால் ஏழாம் நம்பர் மலை, முழுக்கத் தேயிலை.
அங்கே நிற்பவனுக்கு அடிப்பவன் தெரியாது.
அடிக்கிற சத்தம் கேட்கும்,
பிறகு பந்து.

நேற்றிரவு கரண்ட் போனதும்
போன் வெளிச்சத்தில் உட்கார்ந்து
இடப்பக்கம் நின்ற ஆறு பேரையும்
தரப்படுத்தினேன்.

மொத்தம் பார்த்தால் மரியசீலன்.
நூற்றுப் பன்னிரண்டு.
ஆனால் ஐந்து பருவம் நின்றான், வேறு ஆளில்லாமல்.
நின்றதற்கே பாதிப் பெயர்.

ஆட்டத்துக்கு எத்தனை என்றால் லோகேஷன்.
இருபது ஆட்டம், நாற்பத்தொரு பிடி,
பிறகு கட்டார்.
இருபதை வைத்து ஒருவனை நம்பலாமா?
கடைக்கார முதலாளிகூடக் கடன் கொடுக்குமுன்
மூன்று சம்பளம் பார்ப்பார்.

அனோஜன் எறிந்து வீழ்த்தியது பதினேழு,
நழுவவிட்டதும் பதினேழு.
கழித்தால் பூச்சியம்.
பார்த்தவர் ஒருவரும் பூச்சியம் என்று சொல்லார்.

இரட்டையர் இருவரும்
ஒரே கிளவுசை மாற்றி மாற்றிப் போட்டார்கள்.
யார் பிடித்தது என்று எனக்கே தெரியாது.
ஆளுக்கு அரை அரையாக எழுதியிருக்கிறேன்.

அப்புறம் பனிமூட்டம்.
மழை நாளில் கொழுந்து ஈரம் என்று
சாக்குக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள்.
அம்மாவின் பெயருக்கு நேரே
அந்த இரண்டைப் பார்த்துத்தான்
எனக்குக் கழித்தல் வந்தது.
அதனால் என் கொப்பியில் கூட்டினேன்:
நாலு மணிக்குப் பிறகு பிடித்த பந்து
ஒவ்வொன்றும் ஒன்றேகால்.
யாரும் கேட்கவில்லை.
தராசு என் கையில்.

கூட்டியும் பெருக்கியும்
கடைசியில் கிடந்தவன் சுகந்தன்.
மூன்று பருவம், முப்பத்தொரு பிடி.
கொப்பியை மூடப்போனேன்.

ஒரு கட்டம் மிச்சமிருந்தது,
அடித்த திசை.
மற்றவர்கள் நின்றபோது
நூறில் நாற்பது பந்து இடப்பக்கம்.
அவன் நின்றபோது பதினெட்டு.
நோர்வூட்காரர் காலை மாற்றி வைத்து
வலப்பக்கம் அடிக்கப் பழகியிருக்கிறார்கள்.
மஸ்கெலியாக்காரர் உயர அடிப்பதையே விட்டிருக்கிறார்கள்.

"சும்மா குளிருது அக்கா,
ஒரு பந்தும் வருதில்ல,
வேற இடத்தில போடச் சொல்லுங்க"
என்று நச்சரிப்பான்.
நானும் ஒருநாள் கோச்சரிடம் சொன்னேன்.

வராத பந்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முதலாம் இடத்துக்கு நேரே
அவன் பெயரைப் போட்டேன், பென்சிலால்.
அழித்தேன்.
திரும்பப் போட்டேன்.

இன்று காலை பத்துமணி நிறுவை.
விடாத தூறல்.
முதல் சாக்கு ஏறுகிறது, பதினாறு.
தோளுக்குப் பின்னால் நின்று
கணக்கப்பிள்ளை சொல்கிறார்: "ரெண்டு."

பேனாவை உதறுகிறேன்,
மை வராததுபோல.