பத்து வரை

நோட்டீசில் போட்டிருந்தது: ஒளியமைப்பு, சாந்தரூபன்.
பொய்.
என் வேலை இருட்டாக்குவது.

மல்லாவிப் பொதுமண்டபத்தில் ஆகஸ்ட் முழுக்க
சனி, ஞாயிறு, இரண்டு புதனும் ஆற்றுகைகள்.
பிரதேச சபை தந்தது நூற்றெண்பது கதிரை.
வவுனியாவிலிருந்து வாடகைக்கு வந்தன
ஆறு விளக்கும்
குமிழ் இறுகிப்போன ஒரு டிம்மரும்.

முதல் நாள் கூத்து.
மத்தளம் உச்சத்துக்கு ஏறி
முதல் வரவு தொடங்குகிற கணத்துக்காக
சட்டென்று எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன்.
மூன்றாம் வரிசையில் ஒருவர்
கதிரையை விட்டு நிலத்தில் குப்புறப் படுத்தார்.
யாரும் சிரிக்கவில்லை.
பக்கத்தில் இருந்தவர் குனிந்து
கழன்ற செருப்பைத் தேடிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அதன்பிறகு
பத்து வரை எண்ணித்தான் இருட்டாக்குகிறேன்.
ஒன்பதில் கொஞ்சம் நிற்பேன்.

அடுத்தது மந்திர வித்தை.
பேராசிரியர் குலவீரசிங்கத்தின் புறா
பஸ் வெக்கையில் செத்துப்போயிருந்தது.
தொப்பிக்குள்ளிருந்து வந்தது ஒரு கோழிக்குஞ்சு.
மேடை விளிம்பு வரை நடந்து
நிதானமாக எச்சம் போட்டது.
அந்த மாதத்தின் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

பொம்மலாட்டக்காரர் தெற்கிலிருந்து வானில் வந்தார்கள்.
பொம்மைகளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது,
ஆட்டுகிறவர்களுக்குத் தெரியாது.
ஒலிப்பதிவில் அரசன் மந்திரியிடம்
"சாப்பிட்டாயா" என்று கேட்க
முன்வரிசைச் சின்னனுகள் ஒரே குரலில்
"ஓம், புட்டு" என்றன.
திரைக்குப் பின்னால் ஒருவர்
என்ன சொல்கிறார்கள் என்று கையால் கேட்டார்.
வாயில் கவளம் வைத்துக் காட்டினேன்.
சாப்பாடு வருகிறதென்று நினைத்துத் தலையாட்டினார்.
பிறகு வாங்கத்தான் வேண்டியிருந்தது.

பதினேழாம் திகதி நாட்டியம்.
நடுவில் பாண்டியன்குளத்திலிருந்து போன்: யானை.
பாதிச் சனம் லாண்ட்மாஸ்டர்களில் ஏறி
வாழையைக் காப்பாற்றப் போனது.
மிச்சப் பாதிக்கு அந்தப் பிள்ளை
தில்லானாவை இரண்டு தரம் ஆடினாள்.
கோபம்தான்.
கோபத்தில் கால் நல்லாய்ப் பேசும்.

கடைசிப் புதன்
ஒட்டுசுட்டான் பெண்களின் நாடகம், கிழமைக் கடன் பற்றியது.
கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி உள்ளே ஒளிந்திருக்கிறாள்,
அறவிட வந்தவன் வெளியே நிற்கிறான்.
அந்த இடத்தில் நிறுத்தி
தவச்செல்வி சபையைப் பார்த்துக் கேட்டாள்:
"இவவுக்குப் பதிலா ஆர் வாறியள்?"

வாசலில் வடை சுடுகிற ஜெயகௌரி
கையில் மாவோடு ஏறினாள்.
இல்லாத கதவைத் திறந்தாள்.
ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.
"இரும் தம்பி. எண்ணுவம்.
எடுத்தது அறுபதாயிரம்.
கட்டினது கிழமைக்கு ஆயிரத்து அறுநூறு.
ஒண்டு."

நடிகன் சிரிக்கப் பார்த்தான்.
"ரெண்டு," என்றாள்.
பதினொன்றில் சபையும் சேர்ந்து எண்ணத் தொடங்கியது.
ஏழாம் வரிசையில்
மடியில் ஹெல்மெட்டோடு இருந்த நிரோஜன்,
பகலில் நிசமாகவே அறவிடுகிறவன்,
எழும்பி நின்றான்.
போகவில்லை.
ஐம்பத்திரண்டு கிழமை முடிந்தபோது ஜெயகௌரி அவனைப் பார்த்து
"இன்னும் பதினோராயிரமாம்" என்றாள்,
வடையின் விலை சொல்கிற குரலில்.

தவச்செல்வி எனக்குக் கை காட்டினாள்: இருட்டாக்கு.
எண்ணினேன்.
ஒன்பதில் குமிழ் இறுகிவிட்டது என்று
பிறகு எல்லோருக்கும் சொன்னேன்.
அந்த மங்கலில்
அவனும் அவளும் கனநேரம் தெரிந்தார்கள்.

முப்பத்தோராம் திகதி கதிரை எண்ணினோம்.
நூற்றெழுபத்தெட்டு.
கோழிக்குஞ்சு ஜெயகௌரியின் மேசைக்குக் கீழே
கடலைத்தோல் கொத்திக்கொண்டிருந்தது.
வயர் சுற்றும்போது
மூன்றாம் வரிசைக்காரர் வந்து நின்றார்.
"தம்பி, அண்டைக்குக் கூத்தில
முதல் வரவு ஆர்? நான் பாக்கேல்லை."

எனக்கும் தெரியாது, ஐயா.
நான் உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.